அட்டையில் ஓட்டை போடுவது யார்?
தறி, நிரல், பள்ளிக்கூடம்: சில குறிப்புகள்

1

பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பது பற்றிப் பேச்செடுத்தாலே நம்மவர்கள் எண்ணிக்கையில் இறங்கிவிடுகிறார்கள். எத்தனை வந்தது, எத்தனை ஓடுகிறது, எத்தனை பழுது. எண்ணிக்கை முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் வந்த பெட்டியின் முன் உட்காருகிற குழந்தை அதற்குக் கட்டளை எழுதுகிற இடத்தில் இருக்கிறதா, அது காட்டுவதை அழுத்துகிற இடத்தில் இருக்கிறதா என்கிற கேள்வி அந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை. இந்தக் கேள்வியைக் காஞ்சிபுரத்தில் வைத்துக் கேட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். நிரல் என்பதைக் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய ஊர் இது. தொடுகிறவர்களிடம் 'இதுதான் நிரல்' என்று யாரும் சொல்லாத ஊரும் இதுவே.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1984இல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கி, சுமார் 250 பள்ளிகளுக்கு இங்கிலாந்திலிருந்து பிபிசி மைக்ரோ கணினிகளை இறக்கியது. அங்கே அந்தப் பெட்டியோடு தொலைக்காட்சித் தொடர்களும் நூல்களும் சேர்ந்து வந்தன. இங்கே பெட்டி மட்டும் முன்னால் வந்தது. பிறகு வந்த பள்ளி ஆய்வகங்களில் நான் பார்த்தவை பலவும் ஒரே அச்சு. திரை போட்ட அறை, ஊரிலேயே அங்கே மட்டும் ஏ.சி., வாசலில் வரிசையாகக் கழற்றிவிட்ட செருப்புகள். கோயில் ஊர்க்காரனுக்கு இது புரியாத ஏற்பாடு அல்ல. கருவறை, அர்ச்சகர், புரியாத மொழியில் மந்திரம். பிள்ளைகளுக்குக் கிடைத்தது தரிசனம்.

2011 செப்டம்பரில் அரசு மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது இந்தக் கருவறை ஓரளவு உடைந்தது. பெட்டி வீட்டுக்கே போனது. அதைச் சின்ன விஷயமாக நான் பார்க்கவில்லை. 2018இல் வந்த புதிய பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் நூல் இன்னொரு நல்ல உடைப்பு. ஓநாய், ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் ஆற்றைக் கடத்துகிற விவசாயியின் புதிரை வைத்து அது சிந்திக்கச் சொல்லிக்கொடுக்கிறது. அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைத்தான் வந்தது. ஆனால் இந்த இரண்டும் மேல்நிலையில் கணினிப் பிரிவு எடுத்தவர்களுக்கு. மற்றவர்களுக்கு? பத்தாம் வகுப்பு அறிவியல் நூலின் கடைசிப் பாடமாக ஸ்கிராட்ச் வருகிறது. பொதுத்தேர்வு எழுதுகிற வகுப்பில் கடைசிப் பாடத்தின் கதி என்னவாகும் என்று ஆசிரியர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

2

பிள்ளையார்பாளையத்துத் தெரு ஒன்றில் நடந்தால் குழித்தறிக்கு மேலே உத்தரத்தில் ஒரு பெட்டி தெரியும். அதிலிருந்து ஓட்டை போட்ட அட்டைகள் கயிற்றில் கோத்து மாலையாகத் தொங்கும். ஜக்கார்டு பெட்டி என்பார்கள். அது என்ன செய்கிறது என்பதை விளக்கிவிட்டு மேலே போகிறேன். இந்தக் கட்டுரையின் வாதம் முழுக்க அந்த ஓட்டைகளில்தான் இருக்கிறது.

நெசவு என்பது நீளவாக்கில் ஓடுகிற பாவிழைகளில் சிலவற்றைத் தூக்கி, சிலவற்றைக் கீழே விட்டு, இடையில் ஊடையிழையை நாடாவால் செலுத்துவது. எந்தெந்த இழையைத் தூக்குவது என்பதுதான் பூவா, அன்னமா, வெறும் துணியா என்பதைத் தீர்மானிக்கிறது. ஜக்கார்டு பெட்டிக்குள் வரிசையாகக் கொக்கிகள். ஒவ்வொரு கொக்கிக்கும் ஓர் ஊசி. ஓர் அட்டை வந்து ஊசிகளை அழுத்துகிறது. ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போய்விடும். அதன் கொக்கி அசையாமல் நிற்கும். மிதியை மிதித்ததும் அது மேலே தூக்கப்படும், அதில் கட்டிய இழையும் எழும். ஓட்டை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளும்; கொக்கி விலகிவிடும்; இழை கீழேயே கிடக்கும். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. அடுத்த மிதிக்கு அடுத்த அட்டை. மாலையின் கடைசி அட்டை முதல் அட்டையோடு கோக்கப்பட்டிருப்பதால் பூ முடிந்ததும் திரும்பத் தொடங்கும்.

ஓட்டை உண்டு, ஓட்டை இல்லை. ஒன்று, பூஜ்யம். அட்டைகளின் வரிசை ஒரு கட்டளைத் தொடர். கோத்த மாலை ஒரு மடக்கு. ஒரே கொக்கியில் பல இழைகளைக் கட்டினால் ஒரு தீர்மானம் துணியின் பல இடங்களில் ஒரே நேரத்தில் நடக்கும். இதில் உவமை எதுவும் இல்லை. லியோன் நகரத்தில் ஜோசப் மரி ஜக்கார்டு 1804 வாக்கில் முடித்த இந்த ஏற்பாட்டிலிருந்துதான் சார்லஸ் பாபேஜ் தன் பகுப்பாய்வுப் பொறிக்கு அட்டைகளை எடுத்துக்கொண்டார். சுமார் 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்யப்பட்ட ஜக்கார்டின் உருவப்படம் ஒன்று அவர் வீட்டில் இருந்தது. அந்தப் பொறியைப் பற்றி 1843இல் எழுதிய ஏடா லவ்லேஸும் தறியோடுதான் அதை ஒப்பிட்டார்.

இந்த இடத்தில் நம் ஆட்கள் சிலர் எழுந்து நிற்பார்கள்: 'அப்பவே நம்ம ஊர்ல கம்ப்யூட்டர் இருந்திருக்கு, பாருங்க.' வேண்டாம். ஜக்கார்டு நமக்கு வெளியிலிருந்து வந்தது. அதற்கு முன் காஞ்சிபுரத்தில் 'அடை' இருந்தது. எந்த ஊடைக்கு எந்த இழைகள் எழ வேண்டும் என்பதை நூல்களிலேயே கட்டி வைத்து, ஒருவர் இழுத்துக் கொடுக்க மற்றவர் நெய்கிற ஏற்பாடு. சீனத்திலும் பிரான்சிலும் இதன் சகோதர வடிவங்கள் இருந்தன. பெருமை பேசுவதற்கு இதில் ஒன்றும் இல்லை. கற்பதற்கு நிறைய இருக்கிறது.

3

காஞ்சிபுரத்துப் பள்ளி ஒன்றில் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு சனிக்கிழமைகளில் சில மாதங்கள் இதைச் செய்து பார்த்தேன். மின்சாரம் தேவைப்படவில்லை. பழைய காலண்டர் அட்டை, கட்டம் போட்ட தாள், எட்டு நீளக் கயிறு, ஒரு ரிப்பன். இவ்வளவுதான் பாடப்பொருள். உலகத்தில் இதற்கு முன்னோடிகள் உண்டு. நியூசிலாந்தின் டிம் பெல் முதலானோர் 1990களில் தொடங்கிய 'அன்பிளக்டு' முறை கணினி அறிவியலைச் சீட்டு, கயிறு, விளையாட்டு வழியே பெட்டி இல்லாமலே சொல்லிக்கொடுக்கிறது.

எட்டுக்கு எட்டு கட்டத்தில் ஒரு பிள்ளை உருவம் வரையும். ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் அட்டை. கருப்புக் கட்டத்துக்கு ஓட்டை. எட்டுப் பேர் ஆளுக்கொரு கயிற்றின் முனையைப் பிடிப்பார்கள். ஒருவர் அட்டையைக் காட்ட, ஓட்டைக்கு நேரான கயிறுகள் மேலே, மற்றவை கீழே. இடையில் ரிப்பன் போகும். முக்கியமான விதி ஒன்று: அட்டை எழுதியவர் பேசக் கூடாது. 'நான் நினைச்சது இது இல்ல' என்று அவர் கத்தும்போது, 'நீ எழுதினது இதுதான்' என்று கயிறு பிடித்தவர்கள் சொல்வார்கள். நினைப்புக்கும் எழுத்துக்கும் நடுவிலுள்ள இந்தத் தூரம்தான் நிரலாக்கத்தின் முதல் பாடம். எந்த மொழியின் இலக்கணமும் இதற்குப் பிறகுதான்.

பிழை திருத்துவதில் தறி இன்னும் நல்ல ஆசிரியர். ஒரு நாள் பூவின் இதழ் ஒன்று கோணலாக வந்தது. தவறு எங்கே என்று கேட்டேன். அப்பா தறியில் இருக்கும் ஒரு பெண் சொன்னாள்: 'எல்லாப் பூவுலயும் அதே எடத்துல தப்பு வந்தா அட்டையில தப்பு சார். ஒரு பூவுல மட்டும்னா கையில தப்பு.' நிரலில் உள்ள பிழை, நிரலை ஓட்டும்போது நேர்கிற பிழை என்று நூல்கள் பக்கம் பக்கமாகப் பிரித்துக் காட்டுவதை அவள் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டாள். வீட்டில் கேட்டு வளர்ந்த அறிவு அது. பள்ளிக்கூடத்தில் அதற்கு ஒரு மதிப்பெண்கூட இல்லை.

தறி சொல்லிக்கொடுக்காததும் உண்டு. அதையும் சொல்லியாக வேண்டும். ஜக்கார்டுக்கு 'இப்படி ஆனால் அப்படிச் செய்' என்பது தெரியாது. இழை அறுந்தாலும் அட்டை நகர்ந்துகொண்டே இருக்கும். நிறுத்துவது, முடிச்சுப் போடுவது, மறுபடி தொடங்குவது எல்லாம் நெசவாளியின் கண்ணும் கையும். நிபந்தனையும் முடிவும் ஆளிடம் இருக்கின்றன, அட்டையிடம் இல்லை. பாபேஜின் பொறி தறியைத் தாண்டிப் போகிற இடமும் இதுதான்: கணக்கின் விளைவைப் பார்த்து அடுத்த வழியைத் தேர்ந்தெடுக்க அதில் ஏற்பாடு இருந்தது. எனவே நிபந்தனைப் பாடத்துக்குத் தறியை விட்டு வெளியே வர வேண்டும். பஸ் டிக்கெட் போடுவது, ரேஷன் கடையில் கார்டுக்கேற்ப அளப்பது போன்றவை அதற்குப் போதும்.

4

மூன்றாவது வாரம் ஒரு பையனின் அப்பா பள்ளிக்கு வந்தார். கோபமாக இல்லை, தெளிவாகப் பேசினார். 'தறியில இருந்து தப்பிக்கத்தானே சார் இவனை ஸ்கூலுக்கு அனுப்புறோம். இங்கயும் தறியையே காட்டுனா எப்படி?'

இது ஒரு தனிமனிதரின் சந்தேகம் மட்டுமல்ல. 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த மாற்றியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டத்தின்படி கிராமப் பள்ளிகளில் பாட நேரம் ஒரு நாளைக்கு மூன்று மணியாகச் சுருங்கியது. மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். அதைப் பெரியார் குலக்கல்வி என்று எதிர்த்தார். காஞ்சிபுரத்துக்காரரான அண்ணாவின் தி.மு.க. அதே ஆண்டு நடத்திய மும்முனைப் போராட்டத்தின் ஒரு முனை அதுவே. 1954இல் காமராஜர் வந்ததும் திட்டம் கைவிடப்பட்டது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கை ஆறாம் வகுப்பிலிருந்து கைத்தொழில் அறிமுகத்தை வைக்கிறது. நடுநிலை வகுப்புகளில் தச்சர், குயவர் போன்றோரிடம் பழகப் புத்தகப்பை இல்லாத பத்து நாட்களைப் பேசுகிறது. நிரலாக்கத்தையும் அதே நடுநிலையில்தான் தொடங்கச் சொல்கிறது. இரண்டும் ஒரே ஆவணத்தில் இரண்டு தனி வரிகளாக நிற்கின்றன. எந்தப் பிள்ளை எந்த வரிக்குப் போகும் என்பதை ஆவணம் சொல்லாது, சமூகம் சொல்லிவிடும். சாதி வேலைகளை மட்டுமல்ல, வேலை செய்கிற மனிதர்களையே பிரித்து மேல்கீழாக அடுக்குகிறது என்று அம்பேத்கர் 1936இல் வாதிட்டதை இந்த இரண்டு வரிகளுக்கு நடுவில் வைத்துத்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது.

அப்படியானால் தறியை வகுப்புக்குள் கொண்டுவருவது குலக்கல்வியா? யார் கற்கிறார்கள், எதைக் கற்கிறார்கள் என்ற இரண்டைப் பொறுத்தது அது. குலக்கல்வியில் நெசவாளி மகன் நெய்யக் கற்கிறான். அர்ச்சகர் மகனுக்கும் அதிகாரி மகளுக்கும் அந்தப் பாடம் இல்லை. நான் சொல்கிற வகுப்பில் அத்தனை பேரும் கயிறு பிடிக்க வேண்டும், அத்தனை பேரும் அட்டை எழுத வேண்டும். நெய்யும் பயிற்சி அங்கே கிடையாது. அட்டை வாசிக்கப்படவும் திருத்தி எழுதப்படவும் வேண்டிய ஒரு பிரதி மட்டுமே. தறியைத் தொழிலாகப் பிள்ளைகளுக்குக் கைமாற்றுவது வேறு, அறிவாகத் திறந்து காட்டுவது வேறு. அந்த அப்பாவிடம் இதைத்தான் சொன்னேன். 'சரி சார், ஆனா எல்லாப் பசங்களும் செய்யணும்' என்றார். அவர் போட்ட நிபந்தனை என்னுடையதைவிடச் சுருக்கமானது.

5

தறியை அழகியலாக்குகிற இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. காஞ்சிபுரத்துக் கோர்வையைப் பாருங்கள். உடல் ஒரு நிறம், இரு கரைகளும் வேறு நிறம், மூன்று நாடாக்கள், ஒவ்வொரு ஊடையிலும் கரையிழையும் உடலிழையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு திரும்ப வேண்டும். தனித்தனியாக ஓடுகிற வேலைகள் குறித்த இடத்தில் ஒன்றுக்கொன்று காத்திருந்து கைகோப்பது எப்படி என்று கணினி அறிவியல் கேட்கிற கடினமான கேள்விக்கு இதைவிட நல்ல காட்சி இல்லை. ஆனால் ஒரு ஆளால் மூன்று நாடாவைச் சமாளிப்பது கஷ்டம், பக்கத்தில் ஒரு துணை வேண்டும். அந்தத் துணை நெடுங்காலம் பல தறிகளில் ஒரு குழந்தை. முன்பணக் கடனுக்குப் பிணையாகத் தறியில் உட்கார்ந்த காஞ்சிபுரத்துப் பிள்ளைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் வெளியிட்ட அறிக்கை விரிவாகப் பேசியது. லியோனிலும் ஜக்கார்டுக்கு முன் கயிறு இழுத்தவர்களில் குழந்தைகள் இருந்தார்கள். 'ஒத்திசைவு' என்று கரும்பலகையில் எழுதும்போது அந்தக் கைகளையும் எழுத வேண்டும். இல்லையென்றால் நம் பாடம் ஒரு ஜவுளிக்கடை விளம்பரமாகிவிடும்.

இன்று அட்டையைத் தீர்மானிப்பது யார்? வடிவம் கணினித் திரையில் வரையப்படுகிறது. அட்டை வெட்டி வருகிறது. மின்னணு ஜக்கார்டாக இருந்தால் அட்டையே இல்லை. நெசவாளி மிதிக்கிறார். கருதுவதையும் செய்வதையும் பிரித்து, கருதுவதை மேலே எடுத்துக்கொள்வதுதான் முதலாளிய உழைப்பின் இயக்கம் என்று ஹாரி பிரேவர்மன் 1974இல் எழுதினார். அதற்குப் பாடவிளக்கம் வேண்டுமானால் தறிக்குப் போகலாம், அல்லது ஸ்ரீபெரும்புதூருக்குப் போகலாம். அங்கே நோக்கியா ஆலை 2006இல் வந்தது, 2014 நவம்பரில் மூடியது. இன்று மற்ற ஆலைகளில் பட்டியில் நகர்ந்து வரும் போன்களுக்கு முன்னால் இளம்பெண்கள் நிற்கிறார்கள். தறியிலிருந்து தப்பித்து ஆலைக்கு வந்தாலும் அட்டை இன்னொருவர் கையில்தான். பள்ளி ஆய்வகத்தில் கொள்குறி வினாவுக்குச் சுட்டியை அழுத்துகிற பிள்ளைக்கும் அதே நிலைதான் பழக்கப்படுத்தப்படுகிறது. மூன்று இடத்திலும் மிதிக்கிற கால் இருக்கிறது, ஓட்டை போடுகிற கை இல்லை. நிரலாக்கக் கல்வியை வேலைவாய்ப்பாக மட்டும் பேசுகிற சொல்லாடல் மறைப்பது இதைத்தான்.

6

மொழியைப் பற்றியும் ஒரு குறிப்பு. நம் பாடநூல் அல்காரிதத்தை 'நெறிமுறை' என்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் நெறிமுறை என்றால் கைகட்டி நிற்கும், ஒழுக்கப் பாடம் என்று நினைத்து. சொல் தவறு என்று சண்டைக்கு வரவில்லை. நிரலுக்குத் தமிழில் சொல் தேடியவர்கள் தறிப்பக்கமும் கோலப்பக்கமும் காது வைத்திருக்கலாம் என்கிறேன். முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்கிற தமிழ் நிரல்மொழி இந்த வகையில் யோசிக்க வைக்கிறது. அதில் நிபந்தனை முன்னால் வரும், 'ஆனால்' பின்னால் வரும். நாம் பேசுவதும் அப்படித்தானே: மழை வந்தால் குடை எடு. ஆங்கில வாக்கிய அமைப்பு நிரலின் இயற்கை அல்ல, ஒரு வழக்கம் மட்டுமே என்று பிள்ளைக்குத் தெரிந்துவிட்டால், நாளைக்குப் பைத்தானை அது பயமில்லாமல் படிக்கும்.

கோலம் என்றேன். தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் 1974இல் கோலங்களை வைத்து அணி இலக்கணங்கள் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு சின்ன விதியை மறுபடி மறுபடி செலுத்தினால் பெரிய கோலம் பிறக்கிறது என்பதை முறையான கணினிக் கோட்பாடாக எழுதிக்காட்டிய வேலை அது. காஞ்சிபுரத்திலிருந்து ரயிலில் போய்வரக்கூடிய தூரத்தில் நடந்தது. நம் பள்ளி நூல்களில் அதற்குரிய இடம் கிடைத்திருந்தால், வாசலில் புள்ளி வைக்கிற பெண்ணின் வேலையும் கணினி அறிவியலும் வேறுவேறு உலகம் என்ற எண்ணம் இவ்வளவு இறுகியிருக்காது. கோலத்துக்கும் அந்த அப்பாவின் நிபந்தனை பொருந்தும். பெண்கள் மட்டும் போட்டால் அது வீட்டுவேலை. பையன்களும் புள்ளி வைத்து, விதி எழுதி, அடுத்தவர் விதியை நிறைவேற்றினால்தான் அது பாடம்.

7

ஆசிரியர்களாகவும் இயக்கத் தோழர்களாகவும் இதை வாசிக்கிறவர்களுக்கு நடைமுறையாகச் சிலவற்றை வைக்கிறேன். கணினி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அட்டையும் கயிறும் முதல் மூன்று மாதத்துக்குப் போதும். கணினி வந்த பிறகு முதல் நாள் எழுத வேண்டியது அதே எட்டுக்கு எட்டுப் பூ. அப்போது பெட்டி தெய்வமாகத் தெரியாது, வேகமாகக் கயிறு இழுக்கிற ஆளாகத் தெரியும். வீட்டில் தறி இருக்கிற பிள்ளையை 'நீதான் எக்ஸ்பர்ட்' என்று தனியாக நிறுத்தாதீர்கள். புகழ்ச்சியும் சாதி அடையாளமாக மாறுகிற ஊர் இது. நெசவாளிகளை வகுப்புக்கு அழைத்தால் காட்சிப்பொருளாக அழைக்காதீர்கள். ஆசிரியராக அழையுங்கள், அதற்குரிய மதிப்பூதியத்தோடு. தவறு கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு, சரியாகச் செய்த பிள்ளைக்குத் தருகிற அதே மதிப்பெண்ணைத் தாருங்கள்.

நம் பிள்ளைகள் எல்லோரும் மென்பொருள் எழுதப் போவதில்லை, போகவும் வேண்டாம். ஆனால் ரேஷனும் உதவித்தொகையும் மாணவர் சேர்க்கையும் யாரோ எழுதிய நிரலின் வழியாகவே வீட்டுக்கு வருகின்றன. அங்கே ஓர் இழை எழவில்லை என்றால், 'கம்ப்யூட்டர்ல அப்படித்தாங்க வருது' என்கிற பதிலோடு திரும்பி வராமல், அந்த அட்டையில் ஓட்டை போட்டது யார், ஏன் போடவில்லை என்று கேட்கிற தலைமுறை வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொடுக்காத கணினிக் கல்விக்கு எத்தனை பெட்டி வந்தாலும் அது தரிசனமாகவே முடியும்.